கிருமியின் அடையாளத்தைத் தேடும் சோதனை

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியாவே என்று இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக இக்கிருமியைக் கண்டறிய முக்கியமாக இரண்டு வழிகளே இருந்தன. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. ஒரு மில்லிலிட்டர் சளியில் பல்லாயிரம் கிருமிகள் இருந்தால்தான் அவை எளிதில் கண்ணில் படும். கிருமியை ஊட்டப்பொருளில் வளர்த்துப் பார்ப்பது மற்றொன்று. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடங்களில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். எனவே முடிவு தெரியப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் நோய் வீட்டாருக்கும் பரவக்கூடும்.

கிருமி வளரும் வரை காத்திராமல், அதன் மரபுப்பொருளையே தேடினால் என்ன? ஒவ்வோர் உயிரினத்தின் டி.என்.ஏ.விலும் அதற்கே உரிய எழுத்து வரிசைகள் உண்டு. காசநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய வரிசை சளியில் காணப்பட்டால், அதுவே கிருமியின் அடையாளம். ஆனால் அது மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும். அதைப் பெருக்கும் வழியை 1983இல் அமெரிக்கரான காரி முல்லிஸ் வகுத்தார். பி.சி.ஆர். எனப்படும் இம்முறைக்காக 1993இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்முறையில் டி.என்.ஏ.வை ஏறத்தாழ 95° செ. வரை சூடாக்கினால் அதன் இரு இழைகளும் பிரிகின்றன. சற்றுக் குளிர்வித்தால், 'தொடக்கிகள்' என்னும் சிறு துண்டுகள் தமக்குப் பொருந்தும் வரிசையில் மட்டும் சென்று ஒட்டுகின்றன. பின் 72° செ. அளவில் ஒரு நொதி அங்கிருந்து புதிய இழையைக் கட்டுகிறது. இவ்வளவு வெப்பத்தில் சாதாரண நொதிகள் கெட்டுவிடும் அல்லவா? ஆகவே வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதி இதற்குப் பயன்பட்டது.

ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்கும். ஒரு துண்டு 10 சுற்றுகளில் 1,024 ஆகும்; 30 சுற்றுகளில் 107 கோடியைத் தாண்டும்!

இம்முறையில் இயங்கும் ஒரு கருவியை 2010 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் காசநோய்ச் சோதனைக்கு ஏற்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது கிருமியைக் காட்டுவதோடு, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் தெரிவிக்கிறது.

எனினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, இறந்த கிருமியிலும் டி.என்.ஏ. இருக்கும். ஆகவே சிகிச்சை பெற்றுத் தேறியவருக்கும் 'உண்டு' என்று வரக்கூடும். இரண்டாவது, 'இல்லை' என்ற முடிவு அந்த மாதிரிக்கு மட்டுமே உரியது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இங்கே பொருந்தாது. சளிக்குப் பதில் எச்சிலைக் கொடுத்தால் கிருமி தப்பிவிடலாம். எனவே நோய்க்குறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

சிந்தியுங்கள்: ஒரு மாதிரியில் கிருமியின் அடையாளம் 20ஆம் சுற்றிலும், மற்றொன்றில் 30ஆம் சுற்றிலும் தெரிய வருகிறது. எதில் கிருமிகள் மிகுதி? ஏறத்தாழ எத்தனை மடங்கு?