உம்மாவின் சாமான்களும் உன்ட வீடும்

என்ட தங்க மகளுக்கு,

நேற்று இரவு போனில் நீ அழுத அழுகையைக் கேட்டு உன் சாச்சா பயந்துபோனார். மாப்பிள்ளையோடு ஏதும் பிரச்சினையோ என்று நினைத்துவிட்டார். விஷயம் யோகட் கப் என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "சின்னப் புள்ளையில மிட்டாய்க்கு அழுதவ, இப்ப காலிக் கப்புக்கு அழுறா" என்று சிரித்துக்கொண்டே படுக்கப் போனார். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. போனில் சொன்னால் "ஓம் சாச்சி, ஓம் சாச்சி" என்று வெட்டிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். இருந்து வாசி.

உன் வருத்தம் எனக்கு விளங்குகிறது. கலியாணத்துக்கு வீட்டை உன் பெயருக்கு எழுதித் தந்தார்கள். சுவரும் கூரையும் உன்னுடையவை. ஆனால் அலுமாரியும் பெட்டகமும் குசினி இறாக்கையும் இன்னும் உன் உம்மாவான என்ட ராத்தாவுடையவை. நீங்கள் இருவரும் உடுப்பை சூட்கேசில் வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கழுவிக் கவிழ்த்த யோகட் கப்புகள், ஐஸ்கிறீம் பெட்டிகள், மூடி தொலைந்த மா டின்கள், வருஷா வருஷம் கொடியேற்றத்துக்குக் கடற்கரைப் பள்ளியடிக் கடைகளில் வாங்கிய வாளிகள், உன் மாமா சவூதியிலிருந்து அனுப்பி இன்னும் உறை பிரிக்காத கம்பளிகள். கல்முனைக்குடி வெக்கையில் அந்தக் கம்பளியை யார் போர்த்துவது? உம்மா கொழும்புக்குப் போகிற கிழமையில் எல்லாவற்றையும் வாரிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடப் போகிறேன் என்றாயே, அதை மட்டும் செய்துவிடாதே மகள்.

ஏன் என்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நீ கைப்பிள்ளை. கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது ராத்தா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கே ஓடினாள். கிட்டங்கி தாண்டி, இங்கே சவளக்கடையில் எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது அவள் காலில் செருப்பில்லை. கையில் நீயும் உன் பால் போத்தலும்தான். அன்று இலங்கையில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 35,000 பேருக்கு மேல். அதில் 10,000க்கும் அதிகமானவர்கள் நம்மட அம்பாறை மாவட்டத்தவர்கள். வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை உயிர் போகவில்லை. அந்தக் கிழமை முழுக்க ராத்தா யாரோ கொடுத்த தகரப் பேணியில் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் ஏந்தக்கூடிய எதையும் அவள் எறிந்து நான் பார்த்ததில்லை. நீ குப்பை என்று சொல்லுகிற ஒவ்வொரு கப்பும் அவளுக்கு ஒரு கோப்பை. இதை மனதில் வைத்துக்கொண்டு அவளோடு பேசு.

அன்று கடல் கொண்டுபோனது பாத்திரங்களை மட்டுமல்ல. வீட்டு உறுதி, அடையாள அட்டை, நிக்காஹ் பதிவு, உன் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே லாச்சிக்குள் இருந்தன, லாச்சியோடு போயின. முழுதாக இடிந்த வீட்டுக்கு 250,000 ரூபாய் என்று அரசாங்கம் தவணை தவணையாகக் கொடுத்தது. நம்மட பக்கம் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டவே கூடாது என்று வேறு முதலில் சொன்னார்கள். எந்த வாசலுக்குப் போனாலும் முதல் கேள்வி, காணி உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? இதிலே நம்மட பெண்களுக்கு இன்னொரு அநியாயமும் நடந்தது. கிழக்கிலே வீடு பெண்ணுக்கு. உம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயரை எழுதினார்கள். மனைவியின் சீதன வீட்டுக்குப் பதிலாக வந்த வீடு கணவனின் பெயருக்குப் போனது. கிழக்கின் பெண்கள் இதைக் கேள்வி கேட்டார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். உன் பெயரில் ஒரு உறுதி இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

அதனால் வீடு ஒதுக்குவதை அந்தக் கடதாசிகளில் தொடங்கு. உறுதி கல்முனைக் காணிப் பதிவகத்தில் பதிவாகிவிட்டதா என்று முதலில் கேள். பிறகு சிப் வைத்த நல்ல பை ஒன்று வாங்கு. உறுதி, அடையாள அட்டை நகல், கடவுச்சீட்டு, பிறப்பு, நிக்காஹ், சோதனைப் பெறுபேறு, வங்கிப் புத்தகம், உம்மாவின் கிளினிக் கொப்பி. ஒவ்வொன்றையும் தடித்த பொலித்தீன் உறைக்குள் போட்டு அந்தப் பையில் வை. கட்டிலுக்குக் கீழே வேண்டாம். படுக்கை அறைக் கதவுக்குப் பின்னால் நெஞ்சளவு உயரத்தில் ஆணியடித்து மாட்டு. நகல் ஒரு கட்டு என்னிடம் சவளக்கடையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து தோஹாவில் இருக்கிற உன் தம்பிக்கும் அனுப்பிவை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டுபோய் அந்த ஆணியைக் காட்டு.

நீ போனில் பார்க்கிறாயே அந்த ஜப்பான் பிள்ளை, மரி கொண்டோ, அவளுடைய வீடியோ இரண்டை நானும் பார்த்தேன். 2011இல் அவள் எழுதின புத்தகத்தால்தான் உலகம் முழுக்க வீடு ஒதுக்கக் கிளம்பியது என்றார்கள். கெட்டிக்காரி. அறை அறையாகப் போகாமல், வீட்டிலுள்ள உடுப்பை எல்லாம் ஒரே இடத்தில் குவித்துப் பார்க்கச் சொல்கிறாள். அது நல்ல யோசனை. உன்னிடம் எத்தனை அபாயா இருக்கிறது என்று அப்போதாவது உனக்குத் தெரியவரும்! நினைவுச் சாமான்களைக் கடைசியில் தொடு என்கிறாள், அதுவும் சரி. ஆனால் கடதாசியை ஏறக்குறைய எல்லாவற்றையும் எறியச் சொல்கிறாள் பார், அதை மட்டும் நம்மட கரையில் கேட்கக் கூடாது. கையில் எடுத்தால் சந்தோஷம் தருகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்கிறாள். உறுதி யாருக்கும் சந்தோஷம் தராது. வைத்துத்தான் ஆக வேண்டும்.

இனி உம்மாவின் சாமான்கள். உன் அறையை முதலில் ஒதுக்கு. உன்னுடையதை நீ குறைக்காமல் அவளுடையதில் கை வைத்தால் அவளுக்கு நோகும். பிறகு குசினியில் ஒரு தட்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தட்டு, அவளையும் பக்கத்தில் கதிரை போட்டு இருத்திக்கொண்டு செய். "எறியட்டா?" என்று ராத்தாவிடம் கேட்காதே. "யாருக்குக் குடுப்பம்?" என்று கேள். எறிய அவளுக்குக் கை வராது. கொடுக்க எப்போதும் வரும். சுனாமி முகாமில் தனக்குக் கிடைத்த இரண்டு சாரியில் ஒன்றை அடுத்த கூடாரத்துக்குக் கொடுத்தவள் அவள். கம்பளிகளை நுவரெலியா, ஹட்டன் பக்கம் படிப்பிக்கப் போயிருக்கிற நம்மட டீச்சர்மாருக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பார். அவளே உறையைத் துடைத்துத் தருவாள். நோன்புக்கு முந்திய மாதம் இதற்கு நல்ல காலம். ஒன்று மட்டும்: கொடுக்கிறதை நல்லாய் இருக்கையிலேயே கொடு. கிழிந்து மங்கின பிறகு கொடுத்தால் வாங்குகிறவர்கள்தான் அதை எறிய வேண்டும்.

குப்பை வண்டி ஏற்றிக்கொண்டு போனதும் முடிந்தது என்று நினைக்கிறோம். நம்மட மாவட்டத்தில் பள்ளக்காட்டில் பல ஊர்க் குப்பை கொட்டுகிற இடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. எட்டு வருஷத்தில் 20 யானைகள் அளவில் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்திருப்பதாக அப்போது செய்தி வந்தது. வயிற்றுக்குள் பொலித்தீனும் சாப்பாடு சுற்றுகிற உறைகளும். வெள்ளாண்மையை மிதிக்கிற யானை என்று நமக்குக் கோபம் இருக்கலாம். ஆனாலும் நம்மட சொப்பின் பை அதன் வயிற்றில் கிடக்க வேண்டுமா? ஆகவே வெளியே போகிறதைக் குறைக்க ஒரே வழி, உள்ளே வருவதைக் குறைப்பது. கடைக்குப் போகும்போது துணிப்பை கொண்டுபோ. யோகட் வாங்குகிற காசுக்கு முட்டித் தயிர் வாங்கு; முட்டியைக் கழுவி வைத்தால் செடி நட உதவும்.

செடி நட்டால் ஓட்டை போட்டு நடு. வளவில் தண்ணீர் தேங்க விடாதே. 2017இல் இலங்கை முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். நுளம்பு முட்டையிலிருந்து பறந்து போக ஒரு கிழமை அளவு போதும். கப்பைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், மழை பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஜும்ஆவுக்குப் போனதும் வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிடு. கிணற்றடி, கூரைப் பீலி, பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு.

கடைசியாக, தரை. மாரி மழைக்குக் கிட்டங்கியில் தண்ணீர் ஏறி நாங்கள் ஊருக்கு வர முடியாமல் இருக்கிற நாட்களில் உங்கள் வீட்டை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அரிசி மூடை, மா, சீனி, கலியாண அல்பம், குர்ஆன் கிதாபுகள் ஒன்றும் தரையோடு இருக்கக் கூடாது. கரண்ட் இல்லாத இரவில் டோர்ச்சும் வீட்டுச் சாவியும் உம்மாவின் மருந்தும் கை போன இடத்தில் கிடைக்க வேண்டும். எதையும் வைக்கும்போதே இருட்டில் எடுக்கப் போகிறேன் என்று நினைத்து வை. இந்தப் பழக்கம் வர நாளெடுக்கும். நீ வேகமாகச் செய்து வேகமாக விடுகிற பிள்ளை என்பதால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பெட்டகத்தை விலை கேட்டு யாராவது வந்தால் "இல்லை" என்று சொல்லி அனுப்பு. அது மூத்தம்மாவுடையது, சுனாமிக்கு முந்தியே எங்கள் வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பிய ஒரே சாமான். பிறகு ராத்தா கேட்டதும் திருப்பி அனுப்பினோம். அதன் உள்ளே மருதமுனைக் கைத்தறிச் சாரி நாலைந்து இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு நீயும் உம்மாவுமாகத் திறந்து, பச்சைக் கரை போட்ட ஒன்றை எனக்கென்று எடுத்து வை. வாளி எதுவும் எனக்கு வேண்டாம், இங்கேயும் இடமில்லை.

மருமகனுக்கும் ராத்தாவுக்கும் என் ஸலாம்.

அன்போடு,
சாச்சி
சவளக்கடை