விதையைத் தோண்டிப் பார்க்கும் குழந்தைக்கு

மண்ணில் ஊன்றிய விதை முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்ப்பது சிறு குழந்தைகளின் இயல்பு. தோண்டினால் இளவேர் அறுந்துவிடும். உள்ளே தெரியும் டம்ளரில் முளைக்கவிட்டால் தோண்டவே வேண்டாம்.

1. சமையலறையில் இருக்கும் முழுப் பச்சைப்பயறில் நாலைந்தை இரவில் ஊறவையுங்கள். ஓரிரு நாளில் வேர் விடும்; குழந்தையின் ஆவல் குறையாது. விதைக்கடையில் வாங்கும் விதையில் மருந்து பூசியிருக்கலாம் என்பதால் அது வேண்டாம்.

2. டம்ளரின் உட்புறம் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கு வெளிப்புறம் பயறைச் செருகுங்கள். அடியில் விரற்கடை நீர் போதும். பயறு மூழ்கினால் காற்றில்லாமல் அழுகும்.

3. வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் நீரை வடித்துவிட்டு, துணி காயாமல் பார்த்து, டம்ளரைப் படுக்க வையுங்கள். மறுநாள் வேர் நுனி கீழ்நோக்கியும் தண்டு மேல்நோக்கியும் வளைந்திருக்கும். எது கீழ், எது மேல் என்பது செடிக்குத் தெரியும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். விளக்கத்தை முந்திச் சொல்லாதீர்கள். கேள்வி அதன் வாயிலிருந்து வரட்டும்.

4. தினமும் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றம் அப்போதுதான் புலப்படும்.

5. இலை விரிந்ததும், துளையிட்ட கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி வெயில்படும் இடத்தில் நடுங்கள். விதையில் இருந்த உணவு அதற்குள் தீர்ந்துவிடும்.

6. ஆமணக்கு, குன்றிமணி, அரளி விதைகளைத் தரவே கூடாது, மூன்றும் நஞ்சு. பயறை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதென்றால் பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.