சுவரில் வைக்காதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

மாசசூசெட்ஸ் காட்டுக்குள் பாழடைந்த பண்ணை ஒன்றைக் கண்டதாகவும், உன் முதல் ஜியோகேச் டப்பாவை அங்கேயே ஒளித்துவைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். கல்சுவர், நிலவறைக் குழி, பைன் மரங்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஆப்பிள் மரங்கள். நல்ல இடம்தான். ஆனால் சுவரின் இடுக்கில் வைக்கப் போகிறேன் என்கிறாயே, அது மட்டும் வேண்டாம்மா.

காரணம் சொல்கிறேன். 2000 மே 2 அன்று, ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை வெளியிட்டு, பிறரைத் தேடவிடும் இந்த விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. பிழை குறைந்ததே தவிர ஒழியவில்லை. கைபேசி வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் தப்பும், மரங்களுக்கு அடியில் இன்னும் கூடுதலாக. ஆகவே தேடி வருகிறவருக்குக் கிடைப்பது ஒரு கல் அல்ல, பத்து மீட்டர் சுவர். எந்த இடுக்கு என்று தெரியாமல் ஒவ்வொரு கல்லாக உருவிப் பார்ப்பார். முதலில் வருகிறவர் திரும்ப அடுக்குவார். பத்தாவது ஆள் அடுக்க மாட்டார். அந்தச் சுவருக்குச் சாந்தும் கிடையாது. ஒன்றன் எடையில் ஒன்று நிற்கிறது.

அந்தக் கற்கள் எப்படி வந்தன தெரியுமா? பனி உறைந்து உருகும்போதெல்லாம் நிலம் கல்லை மேலே தள்ளும். பண்ணைக் குடும்பம் உழுவதற்கு முன் அவற்றைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கும். அடுத்த ஆண்டும் அதே வேலை. பிறகு 1825இல் ஈரி கால்வாய் திறந்தது, மேற்கிலிருந்து மலிவான தானியம் வந்து இறங்கியது. பிள்ளைகள் சிலர் மேற்கே நிலம் தேடிப் போனார்கள், சிலர் ஆலை வேலைக்குப் போனார்கள். கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைப் பைன் முளைத்தது. பீட்டர்ஷாமில் ஹார்வர்ட் காட்டின் பிஷர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரே நிலம் காடாகவும் பண்ணையாகவும் மறுபடி காடாகவும் மாறியதைச் சின்னச் சின்ன மாதிரிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். டப்பா வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வா.

நான் சொல்லும் வழி இது. பண்ணையை முதல் கட்டமாக மட்டும் வை. அங்கே டப்பா எதுவும் வேண்டாம். நிலவறைக்கு எத்தனை படி, புகைபோக்கியின் அடிக்கல் எந்தத் திசையில் என்று கேள்வி கேள். விடையைக் கணக்கில் போட்டால்தான் டப்பா இருக்கும் இடத்தின் எண்கள் கிடைக்க வேண்டும். அந்த இடம் தள்ளி, நடைபாதையோரம், விழுந்து கிடக்கும் ஒரு மரமாக இருக்கட்டும். அடுத்தவர் டப்பாவிலிருந்து 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இப்படிச் செய்தால் வருகிறவர் பண்ணையைக் கண்ணால் பார்ப்பார், கையால் கலைக்க மாட்டார்.

அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதும் விதி. பழத்தோட்டத்தில் அதற்கு இன்னொரு காரணம் சேரும். 1890களிலிருந்து டிடிடி பூச்சிக்கொல்லி வரும் வரை ஆப்பிள் மரங்களுக்கு ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். வியாபாரத்துக்கு நட்ட தோட்டம் என்றால் ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கலாம்.

லைலாக் புதர் கண்ணில் பட்டால் வாசல் அருகில் இருந்தது என்று எண்ணிக்கொள். வாசல் இருந்தால் கிணறும் பக்கத்தில்தான். மூடிய பலகை இலைச் சருகுக்கு அடியில் உளுத்துப் போயிருக்கும். தடியால் தட்டாமல் கால் வைக்காதே.

காடுதானே என்று எண்ணாதே, அதற்கும் உடையவர் உண்டு. ஊர் அலுவலகத்தில் நில வரைபடம் கேள். குவாபின் நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த நிலமாக இருந்தால் அது பாஸ்டன் குடிக்கிற தண்ணீர். அங்கே விதிகள் தனி. தனியார் நிலம் என்றால் எழுதியே அனுமதி வாங்கு, வாய்ப்பேச்சு போதாது. குடும்பக் கல்லறை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நவம்பரில் போவதாக இருந்தால் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொள். ஆப்பிளைத் தேடி மான் வரும், மானைத் தேடித் துப்பாக்கி வரும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா பார். லைம் நோய் அதனால்தான் பரவுகிறது. அனுமதிக் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா