கழுத்தை விடுவித்தல்



அருள்மறையின் 90-ஆவது அத்தியாயத்தில், ஏறுவதற்குக் கடினமான ஒரு கணவாயைப் பற்றி அல்லாஹுத் தஆலா கூறுகிறான். அதில் ஏறும் வழிகளில் முதலாவதாக அவன் சொல்வது, அடிமைப்பட்ட ஒரு கழுத்தை விடுவிப்பது. பசித்தவருக்கு உணவளிப்பதும் அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது. “இக்காலத்தில் அடிமைகள் ஏது?” என்று சிலர் கேட்கலாம்.

நம் விழுப்புரம் மாவட்டத்தையே பாருங்கள். செஞ்சி, தளவானூர் போன்ற பகுதிகளில் மழை பொய்த்தால் கூலி வேலை அரிது. அந்நேரம் மேஸ்திரி முன்பணத்தோடு வருகிறார். பிள்ளையின் வைத்தியத்துக்காக அதை வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்கோ, மரம் வெட்டவோ போகிறது. கணக்கு முதலாளி கையில், கடனோ குறைவதில்லை. ஊர் திரும்ப அனுமதியில்லை. இம்மாவட்டத்து இருளர் குடும்பங்கள் பல இவ்வாறு சிக்கி மீட்கப்பட்டுள்ளன. சங்கிலி இல்லை என்பதற்காக இது அடிமைத்தனம் இல்லையென்று ஆகிவிடுமா?

சுதந்திரமான மனிதனை விற்று அதன் கிரயத்தை உண்பவனுக்கும், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கும் எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது.

ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் பிலால் (ரலி) அவர்களை விலை கொடுத்து வாங்கி விடுவித்தார்கள். அன்று அதுவே வழி. இன்று நம் நாட்டில் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்துச் செய்துவிட்டது. ரத்தான கடனை வசூலிப்பதும் குற்றம். ஆகவே முதலாளியிடம் பணம் கட்டி மீட்க முனைவது, அநீதிக்குக் கூலி கொடுப்பதாகும். மாவட்ட ஆட்சியரிடமோ, கோட்டாட்சியரிடமோ தெரிவிப்பதே முறை. சிறுவர் என்றால் 1098-க்குத் தொலைபேசி செய்யலாம். விடுதலைச் சான்றிதழ் கிடைப்பது முக்கியம்; அரசின் மறுவாழ்வு உதவிக்கு அதுவே ஆதாரம்.

அப்படியானால் நம் பொருளுக்கு வேலை எங்கே? விடுதலைக்குப் பிறகுதான்! 24:33 வசனம், விடுதலைப் பத்திரம் கேட்கும் அடிமைக்கு அதை எழுதிக் கொடுக்கும்படி கூறுவதோடு, அல்லாஹ் தந்த பொருளிலிருந்து அவருக்குக் கொடுக்கவும் ஏவுகிறது. வெறுங்கையோடு திரும்பியவரின் வாசலுக்கு அடுத்த பஞ்சத்தில் அதே மேஸ்திரி வருவாரல்லவா? அரிசி, பிள்ளையின் படிப்பு, ஒரு தையல் இயந்திரம், இரண்டு ஆடுகள்: இவையே அந்தக் கதவை அடைக்கும்.

மஸ்அலா: மீண்டவர் ஏழை முஸ்லிமாயின் ஜகாத்தையே கொடுக்கலாம். பிற சமயத்தவராயின் ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

அதே வசனம், விபசாரத்துக்கு நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பையும் கிருபையையும் அறிவிக்கிறது. ஏமாற்றி விற்கப்பட்டுத் திரும்பிய பெண்ணை ஏசுவதற்கு நாம் யார்? அவளுக்கு வீட்டில் இடமும், ஜமாஅத்தில் மரியாதையும் உரியன.

இறுதியாக, நம் வீட்டையும் பார்ப்போம். முன்பணத்துக்காகப் படிப்பை விட்டு நம் அடுப்படியில் நிற்கும் சிறுமி இருந்தால், முதல் கழுத்து அங்கேயே இருக்கிறது.

அந்தக் கணவாயில் ஏறும் தௌஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.