இசையின் இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

இயற்பியல் பட்டப்படிப்பில் ஒலியியலையும் இசையையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இரு வகை. பாட்டு கற்றவர்கள் சமன்பாட்டைக் கண்டு தயங்குகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களுக்குச் சுருதி விலகினால் தெரிவதில்லை. இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: காதைக் கணக்கால் சோதியுங்கள், கணக்கைக் காதால் சோதியுங்கள். இந்தப் படிப்பில் ஒன்றை விட்டு மற்றொன்றால் தேற முடியாது.

1. முதலில் தம்புராவுக்குச் சுருதி சேர்க்கப் பழகுங்கள்.

பாடகர் ஆவதற்காக அல்ல, விம்மல்களைக் காதால் எண்ணுவதற்காக. சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்றால் சுத்தமான பஞ்சமம் 300. சட்ஜத்தின் மூன்றாம் சீரிசை 600, பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசையும் 600. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்கும். பஞ்சமம் 301 ஆகிவிட்டால் 600உம் 602உம் மோதி, நொடிக்கு இரண்டு விம்மல் கேட்கும். தந்தியை மெல்லத் தளர்த்தத் தளர்த்த விம்மல் மெதுவாகி அடங்குவதைத்தான் சுருதி சேர்ந்தது என்கிறோம்.

அதே சட்ஜத்தை வைத்துக் கீபோர்டின் சமப்பகுப்பைக் கணக்கிடுங்கள். பஞ்சமம் ஏறத்தாழ 299.66; மூன்று நொடிக்கு இரண்டு விம்மல்தான், பொறுத்துக்கொள்ளலாம். அந்தர காந்தாரத்துக்கு வாருங்கள். 5:4 விகிதப்படி 250 இருக்க வேண்டிய இடத்தில் கீபோர்டு 252ஐ ஒட்டித் தருகிறது. சட்ஜத்தின் ஐந்தாம் சீரிசையோடு அது நொடிக்கு எட்டு விம்மல் எழுப்பும். தம்புராவோடு கீபோர்டு வாசித்தால் காது ஏன் நெருடுகிறது என்பதற்கு இந்த எண்களே விடை.

2. கணக்கைக் கையால் போடுங்கள்.

இரு முனையும் கட்டிய தந்தியின் அலைச் சமன்பாட்டை நீங்களே தீர்த்து, 1, 2, 3, 4 என்ற வரிசை எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். ஃபூரியே தொடர் அங்கே தானாக வந்து சேரும். அடுத்து வட்டத் தோலுக்குப் போங்கள். பெஸ்ஸல் சார்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை தரும் வரிசை 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று முழு எண்களுக்கு ஒட்டாமல் போவதைக் கண்ணால் கண்டால்தான் அடுத்த அறிவுரை விளங்கும்.

3. சர் சி.வி. ராமனின் மிருதங்கக் கட்டுரையைப் படியுங்கள்.

சாதாரணப் பறைத் தோலுக்குத் திட்டமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலந்தலைக்கோ சுருதி உண்டு. பாடகரின் சட்ஜத்தோடு அது சேர்கிறது. காரணம், நடுவில் அப்பியிருக்கும் கறுப்புச் சாந்து. படிப்படியாகத் தடிப்பு குறைந்து விளிம்பை நோக்கிப் போகும் அந்தச் சுமை, தோலின் அதிர்வு வகைகளை இழுத்து முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் இதைக் குறிப்பிட்டார். 1934இல் விரிவாக எழுதினார். தோலின் முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்தே சீரிசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்டது. தோல்மீது மெல்லிய மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று பார்த்தார். உங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். செலவு மிகக் குறைவு, கற்பதோ ஏராளம்.

4. விதி பொய்க்கும் இடத்தில் நின்று நிதானித்துப் பாருங்கள்.

தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அங்கே கணு விழும் சீரிசைகள் எழக்கூடாது என்கிறது பாடநூல். சுரமானிக் கம்பியைச் சரிபாதியில் மீட்டி, உடனே அதே இடத்தை விரலால் மெல்லத் தொடுங்கள், ஒலி அடங்கிவிடும். தம்புராவில் அதையே செய்தால் மேல் சட்ஜம் ஒலிக்கும்! வளைந்த குதிரையும் அதன்மேல் வைக்கும் ஜீவா நூலும், இல்லாத சீரிசைகளை உண்டாக்குகின்றன. வீணையிலும் தம்புராவிலும் இந்த விதிவிலக்கைக் கண்டு 1921இல் எழுதியவரும் ராமன்தான். பாடநூல் தவறு என்று அவசரப்படாதீர்கள். கூர்மையான முனையில் கட்டிய தந்திக்கு அந்த விதி சரி. எந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்று அறியாமல் எந்த விதியையும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

5. குழாயின் வடிவத்தைப் பார்த்த பிறகே சூத்திரம் எழுதுங்கள்.

ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகள் மட்டுமே வரும் என்று படித்திருப்பீர்கள். நாகசுரத்தில் சீவாளி இருக்கும் முனை மூடிய முனைபோல்தான் இயங்குகிறது. ஆனாலும் அதில் எல்லாச் சீரிசைகளும் வருகின்றன. அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி எழுகிறது. அதன் துளை உருளை வடிவம் அல்ல, கூம்பு வடிவம். கூம்புக்கான அலைச் சமன்பாட்டைத் தீர்த்தால் காதில் கேட்பது தாளிலும் வந்துவிடும்.

6. கணினி வரையும் நிறமாலையை அப்படியே நம்பாதீர்கள்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் எல்லாரிடமும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் 0.1 நொடி ஒலித்துண்டை அலசினால் 10 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த வேறுபாட்டைப் பிரித்தறிய முடியாது. 200 ஹெர்ட்ஸ் அருகே அது ஏறக்குறைய ஓர் அரைச்சுரம். துல்லியம் வேண்டி ஒரு நொடித் துண்டை எடுத்தாலோ, தோடியின் காந்தாரம் அதற்குள் பலமுறை அசைந்து முடித்திருக்கும். கமகத்தை அளக்க விரும்புகிறவர்கள் இந்த இழுபறியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

7. காதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

ஓர் ஆணின் குரல் 120 ஹெர்ட்ஸில் இருக்கலாம். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி அந்த அதிர்வெண்ணை எழுப்புவதே அரிது. ஆயினும் குரல் அதே சுருதியில்தான் கேட்கிறது. 240, 360, 480 என்ற மேற்சுரங்களின் இடைவெளியிலிருந்து மூளை 120ஐக் கண்டுகொள்கிறது. அதிர்வெண் கருவியால் அளக்கப்படுவது. சுருதி கேட்பவருக்குள் உருவாவது. 1863இல் இசையுணர்வு பற்றிய பெருநூலை வெளியிட்ட ஹெல்ம்ஹோல்ட்ஸ், இயற்பியலோடு மருத்துவமும் கற்றவர் என்பதை நினைவில் வையுங்கள்.

8. கருவி செய்பவர்களிடம் போய்க் கேளுங்கள்.

தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுவதைப் பாருங்கள். 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டு நகர்த்துகிறார்கள். மெட்டில் தந்தியை அழுத்தும்போது இழுவிசை கூடிச் சுருதி சற்று ஏறும்; நீளத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அங்கே பிசகும். கைவினைஞர் அந்தப் பிசகை மெழுகிலேயே சரிசெய்துவிடுகிறார். அளவுகோலோடு போங்கள்; பணிவோடு கேளுங்கள்; அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

9. ஒரு கருவியை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்தையும் வீணையையும் ராமன் தொடங்கிவைத்தார். தவில், பறை, உடுக்கை, முகவீணை, வில்லுப்பாட்டின் வில் என்று உங்கள் ஊரில் ஒலிக்கும் கருவிகளுக்கும் அதே அக்கறை வேண்டும். பட்டப்படிப்பின் ஆய்வேட்டுக்கு அவற்றில் ஒன்றை எடுங்கள். வாசிப்பவரோடு உட்கார்ந்து கேளுங்கள், அளந்து எழுதுங்கள், கணக்குப் போடுங்கள். அளவும் கணக்கும் ஒத்துவராத இடத்தில்தான் உங்கள் சொந்த ஆராய்ச்சி தொடங்குகிறது.