காலடி சரியானால் பந்தும் சரி, இடுப்பும் சரி



ஞாயிற்றுக்கிழமை என்றால் பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் கிரிக்கெட்தான். தம்பிமார் நல்ல வேகமாகப் பந்து வீசுகிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் "இடுப்பு புடிச்சிக்கிச்சு" என்று படுத்துக்கொள்வோரும் உண்டு. வேகம் கையில் மட்டும் இல்லை, காலடியில் தொடங்குகிறது. நோவும் பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது.

கொழுந்து எடுக்கும் அம்மாமாருக்கு இது தெரிந்த விஷயம். பாரக் கூடையோடு சரிவில் நிற்கையில் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பந்துவீச்சில் முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு பாரம் அதில் இறங்குகிறது. அப்போது உடம்பு முறுக்கியிருக்கக் கூடாது.

வீசும் முறைகள் (வலது கைக்காரருக்கு)

1. பக்கவாட்டு முறை: பின்கால் பாதம் கோட்டுக்குச் சமாந்தரமாக விழும். இடுப்பும் தோளும் பக்கவாட்டில் இருக்கும்.

2. நேர்முக முறை: பாதம், இடுப்பு, தோள் மூன்றும் துடுப்பாட்டக்காரரை நோக்கும். தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரனான முத்தையா முரளிதரன், நெஞ்சை நேராகக் காட்டிச் சுழற்பந்து வீசியே 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார்.

3. கலப்பு முறை: பாதமும் இடுப்பும் நேராக, தோள் மட்டும் பக்கவாட்டில். முதல் இரண்டும் நல்லவை, இதுதான் ஆபத்து. கீழ்முதுகு முறுகி, நாளடைவில் எலும்பில் கீறல் விழலாம்.

அவுஸ்திரேலியாவின் டெனிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் கீறல் கண்டது. ஓய்வெடுத்து, உடற்பயிற்சி செய்து, வீசும் முறையையும் திருத்தி 1974இல் மீண்டும் வந்தார். மொத்தம் 355 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். ஆகவே திருத்திக்கொள்வதில் வெட்கமில்லை.

பழகும் விதம்

• சமதரையைத் தெரிவு செய்யுங்கள். சரிவில் ஓட வேண்டாம்.
• கோட்டில் நின்று எதிர்ப்பக்கமாக ஓடி, பந்தை வீசுங்கள். தானாகத் துள்ளும் இடத்தைக் கூட்டாளி குறிக்கட்டும். ஐந்தாறு தடவை பார்த்து, தூரத்தைக் காலடியால் அளந்து மனதில் வையுங்கள்.
• முதலில் சிறு அடிகள், பிறகு வேகம். கடைசி அடியை எட்டி வைக்க வேண்டாம்.
• பின்கால் விழும் இடத்திலிருந்து எதிர் ஸ்டம்ப் வரை சாம்பலால் கோடு போடுங்கள். முன்கால் அதையொட்டி விழ வேண்டும். வலப்பக்கம் தாண்டினால் இடுப்பு முறுகும். இடப்பக்கம் அதிகம் போனால் உடம்பு சாயும், பந்தும் விலகும்.
• பந்து கையை விட்டதும் நின்றுவிடாமல் இன்னும் சில அடி ஓடி முடியுங்கள்.

முதலில் நடந்து பழகி, பின்பு மெதுவாக ஓடி, கடைசியில் வேகம் கூட்டுங்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

இங்கிலாந்து கிரிக்கெட் சபையின் வழிகாட்டலில், 13 வயது வரையான வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ந்து 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர் என்று எல்லை வகுக்கப்பட்டது. பின்பக்கம் வளையும்போது கீழ்முதுகில் குத்துகிறது என்று பிள்ளை சொன்னால், "எண்ணெய் தேச்சா சரியாப் போகும்" என்று திரும்ப விளையாட அனுப்பாதீர்கள். பந்துவீச்சை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரு மேட்ச் போனால் அடுத்த ஞாயிறு இன்னொன்று வரும். நாளைக்கு வேலை செய்து பிழைக்கவும் அந்த இடுப்புதான் வேண்டும்.