பிற விண்மீன்களின் கோள்களும் நம் கதிரவன் குடும்பமும்

வானத்தில் மின்னும் விண்மீன்களுக்கும் நம் சூரியனைப் போலக் கோள்கள் உண்டா? இவ்வினா எங்கள் வகுப்பில் எழுந்தது. விடை தேடிய நாங்கள் முதலில் வந்து நின்ற இடம் நம் சென்னையே!

நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக் கூடம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய ஜேக்கப் என்ற அறிஞர், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு மாறுபாட்டைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதனை ஈர்க்கக்கூடும் என்று 1855 இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அக்கோளை உறுதி செய்யவில்லை. ஆயினும், விண்மீனின் அசைவைக் கொண்டு கோளைத் தேடலாம் என்ற அவரது எண்ணம் பொய்க்கவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு சிறுமியின் கைகளைப் பற்றித் தட்டாமாலை சுற்றுவதைக் கவனியுங்கள். சிறுமி பெரிய வட்டமிடுவாள். பெரியவளும் சிறிதே அசைவாள். கோளும் தன் விண்மீனை இவ்வாறே அசைக்கிறது. இம்முறையால் 1995 இல் மேயர், கெலோ என்ற இருவர், 51 பெகாசி என்னும் சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் கோளைக் கண்டனர். அதற்காக 2019 இல் நோபல் பரிசும் பெற்றனர். விளக்கின் முன் ஈசல் பறந்தால் ஒளி மங்குவதுபோல், கோள் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி குறைவதைக் கொண்டும் கண்டறிகின்றனர். இன்று ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கோள்கள் அறியப்பட்டுள்ளன.

நம் குடும்பத்தில் சிறிய பாறைக் கோள்கள் உள்ளே. பெரிய வாயுக் கோள்கள் வெளியே. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். 51 பெகாசியின் பெருங்கோளோ நான்கே நாள்களில் சுற்றிவிடுகிறது! டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு விண்மீனுக்கு ஏழு கோள்கள். ஏழும் நம் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். பூமியை விடப் பெரிதும் நெப்டியூனை விடச் சிறிதுமான கோள்கள் பிற இடங்களில் ஏராளம்; நம்மிடம் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் நம் குடும்பம் விந்தையானதா? அவசரப்படலாகாது. தொலைவிலிருந்து குற்றால மலையை நோக்கினால் பேரருவிதான் கண்ணில் படும். பாறையிடுக்கின் சிற்றோடை படாது. அதுபோல, விண்மீனுக்கு அருகிலுள்ள பெரிய கோள்களே எளிதில் அகப்படுகின்றன. பூமியைப் போன்ற சிறு கோள் ஓராண்டுக்கு ஒருமுறையே தன் விண்மீனைச் சுற்றுமானால், அதனைக் காணப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும்.

70 ஒபியூக்கி இரவில் நன்கு உயரும் ஆனி, ஆடி மாதங்களில்தான் நம் தென்காசி வானைச் சாரல் மேகம் மூடுகிறது. மேகம் விலகும் ஓர் இரவில் அதனைத் தேடிப் பார்ப்போம். தவறிய கணிப்பும் அறிவின் படிக்கட்டாகும் என்பதை அந்த மங்கிய விண்மீன் நமக்கு நினைவூட்டும்.